பெரிய கோயில் சைஸ்ல ஒரு பேரு... கையில ஒரு எலும்புகூட இல்ல!

ஒரு கேள்வி பாஸ். தரையில நடந்த உயிரினங்கள்லயே ரொம்பப் பெரிசு எது? யானைனு சொன்னா நீங்க நல்லவர். டைனோசர்னு சொன்னா ‘ஜுராசிக் பார்க்’ பார்த்தவர். ‘எந்த ஊர் டைனோசர்?’னு திருப்பிக் கேட்டா நீங்க நம்ம ஆளு! ஏன்னா, அந்தப் போட்டியில கடைசி ரவுண்டு வரைக்கும் நிக்கிற ஒரு பேர், அமெரிக்காவோ ஆப்பிரிக்காவோ கிடையாது. நம்ம அரியலூர்.

நம்புங்க. பேரு, ப்ருஹத்காயோசாரஸ் மேட்லேயி. வாயில நுழையலையா? பிரிச்சுப் படிங்க. பிருகத்னா பெரிய. காயம்னா உடம்பு. தஞ்சாவூர் பெரிய கோயில்ல இருக்கிறவர் பிருகதீஸ்வரர். கங்கைகொண்ட சோழபுரத்துல இருக்கிறவரும் பிருகதீஸ்வரர். சோழபுரம் இருக்கிற அதே அரியலூர் மாவட்டத்துலதான், கல்லமேடுங்கிற கிராமத்துக்குப் பக்கத்துல, இந்தப் ‘பிருகத்’தும் படுத்துக் கிடந்துச்சு. ஏழு கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. பேரோட பின்பாதியில இருக்கிறவர் சார்லஸ் மேட்லி. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்களைப் பத்தி 1929-லயே எழுதின வெள்ளைக்காரர்.

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். சொந்த ஊர் திருப்பாலைக்குடி. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல, பாக் ஜலசந்தியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மீன்பிடி ஊர். ‘கடலோரத்துப் பையனுக்கு டைனோசர்கிட்ட என்ன வேலை?’னு கேக்குறீங்களா? எங்க பாடத்துல இன்ஜினீயரிங் ஜியாலஜினு ஒரு பேப்பர் உண்டு. பாஸ் மார்க் வாங்கிட்டு மறந்துடணும்ங்கிறது சிவில் பசங்களோட பரம்பரை வழக்கம். எனக்கு மட்டும் அது உள்ள போய் ஒட்டிக்கிச்சு.

முதல்ல ஆளைப் பத்திச் சொல்லிடுறேன். நீளக் கழுத்து, நீள வால், தூண் மாதிரி நாலு கால், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குட்டித் தலை. இந்தக் குடும்பத்துக்கு ஸாரோபாட்னு பேரு. சுத்த சைவம்! சீனாவுல கிடைச்ச மாமென்சிசாரஸ்னு ஒண்ணு இருக்கு. அதோட கழுத்து மட்டும் சுமார் 15 மீட்டர்னு 2023-ல கணக்குப் போட்டிருக்காங்க. எங்க ராம்நாட்டுப் பக்கம் வாங்க, ரோட்டோரம் நிக்கிற பனைமரத்துல ஒண்ணைப் படுக்கப்போட்ட மாதிரி நினைச்சுக்குங்க. அதான் கழுத்து. உங்களுக்கும் எனக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்துல ஏழே எலும்பு. இதுங்களுக்குப் பத்தொன்பது வரைக்கும் போகுது.

இப்போ என் சப்ஜெக்ட்டுக்கு வர்றேன். ஒரு பொருளோட நீளம், அகலம், உயரம் மூணையும் ரெண்டு மடங்காக்குங்க. எடை எட்டு மடங்காகும். ஆனா, அதைத் தாங்குற காலோட குறுக்கு வெட்டுப் பரப்பு நாலு மடங்குதான் ஆகும். அப்போ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பு மேலயும் விழுற பாரம் டபுள். இப்படியே பெரிசாகிட்டே போனா, ஒரு கட்டத்துல கால் ‘டப்’புனு ஒடியணும். திமிங்கலம் தப்பிச்சது எதனால? தண்ணி தாங்குது. அதே திமிங்கலம் கரை ஒதுங்கிட்டா, அதோட எடையே அதை நசுக்கிக் கொன்னுடும். எங்க ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல திமிங்கல முதுகெலும்பு ஒண்ணு கிடக்கு. மீன் வெட்டுற மணை அதுதான். ரெண்டு ஆள் இல்லாம நகர்த்த முடியாது.

அப்போ திமிங்கலத்துக்குச் சரிசமமா எடை இருக்கிற ஒண்ணு, தரையில எப்படி நடந்துச்சு?

‘நடக்கவே இல்லை, ஏரியில கழுத்தளவு தண்ணியில நின்னுச்சு’ன்னுதான் ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தாங்க. தலை மட்டும் வெளியே, மூச்சு மேல, உடம்பு கீழ. பழைய படங்கள்ல எல்லாம் இப்படித்தான் வரைஞ்சிருப்பாங்க. 1951-ல கெர்மாக்னு ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை ஒரே போடா போட்டார். நெஞ்சு ஆறேழு மீட்டர் ஆழத்துல இருந்தா, தண்ணி அழுத்துற அழுத்தத்துல நுரையீரல் விரியவே விரியாதுன்னார்.

இதை நான் எங்க ஐயாகிட்ட (அப்பாவோட அப்பா) சொன்னேன். அவர் வயசுக்காலத்துல சங்கு குளிக்கப் போனவர். விஷயத்தைப் பாதிதான் சொல்லியிருப்பேன். “மூணு பாகத்துக்குக் கீழ போனாலே நெஞ்சுல ஆள் ஏறி நிக்கிற மாதிரி இருக்கும்டா. அங்கன நின்னுக்கிட்டு மேலருந்து குழாய் வச்சு மூச்சு இழுக்க முடியுமா? கேணப்பயலுக” அப்படின்னுட்டு வெத்தலையைப் போட ஆரம்பிச்சுட்டார். மூணு பாகம்னா சுமார் அஞ்சரை மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு அஞ்சரை டன் அழுத்தம். கெர்மாக் கணக்குப் போட்டதை ஐயா நெஞ்சாலயே அளந்து வெச்சிருந்தார்!

சரி, நிஜமான விடை என்ன? காத்து!

ஸாரோபாட்டோட கழுத்தெலும்பை அறுத்துப் பார்த்தா உள்ள முழுசும் அறை அறையா ஓட்டை. பறவைகளுக்கு இருக்கிற மாதிரி நுரையீரல்லேர்ந்து காத்துப் பைகள் எலும்புக்குள்ளயே போயிருக்கு. நான் சொன்ன அந்தச் சீனக் கழுத்துல, எலும்போட கொள்ளளவுல சுமார் 70 சதவிகிதம் காத்துதான். 2025 ஏப்ரல்ல திறந்தாங்களே, புதுப் பாம்பன் பாலம், அதை ஒரு தடவை பக்கத்துல போய்ப் பாருங்க. நடுவுல மேல தூக்குற பகுதி 72.5 மீட்டர் நீளம். அதுல இரும்பு எவ்வளவு, வெறும் இடம் எவ்வளவுனு எண்ணிப் பாருங்க. குறைச்ச இரும்பு, சரியான இடத்துல. எங்க வாத்தியார் ட்ரஸ்னு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினதை, இதுங்க பதினஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடியே கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு. கால் எலும்பு மட்டும் கெட்டி. அது தூண் இல்லையா? அங்க கஞ்சத்தனம் ஆகாது.

தலை ஏன் குட்டி? மென்னாத்தானே பெரிய தாடை வேணும்! இதுங்க மெல்லவே இல்லை. பல்லால இலையை உருவி அப்படியே விழுங்கிடும். மீதி வேலை வயித்துல. ஆஸ்திரேலியாவுல ஒரு ஸாரோபாட்டோட வயித்துச் சாப்பாடே கல்லாகிக் கிடைச்சிருக்கு. 2025-ல வந்த அந்த ஆய்வுல, இலை தழையெல்லாம் மெல்லாமலே உள்ள போயிருக்கிறது தெரிஞ்சது. நம்ம ஹாஸ்டல் மெஸ்ல நாம பண்றதும் அதேதான், காரணம்தான் வேற.

சாணம்கூட சாட்சி சொல்லும் பாஸ். மகாராஷ்டிராவுல பிஸ்துரானு ஒரு ஊர். அங்க கல்லாகிப் போன சாணம் நிறையக் கிடைக்கும். டைட்டனோசார்ங்கிற ஸாரோபாட் வகையோடதுன்னு நம்புறாங்க. அதைக் கரைச்சு மைக்ராஸ்கோப்ல வெச்சப்போ, புல்லோட சிலிக்கா செல்கள் தெரிஞ்சிருக்கு. 2005-ல அது வெளிவந்தப்போ உலகமே ஆடிப்போச்சு. அதுவரைக்கும் டைனோசர் காலத்துல புல்லே கிடையாதுனுதான் பாடப் புத்தகம் சொல்லிட்டு இருந்துச்சு. 2011-ல இன்னொரு குண்டு. அந்தப் புல்லுல நெல்லோட கூட்டத்தைச் சேர்ந்ததும் இருக்குன்னாங்க. எங்க ஊரைத் தாண்டி உள்ள போனா திருவாடானைப் பக்கம் வானம் பார்த்த நெல் வயல். ஒவ்வொரு தடவை பஸ்ல போறப்பவும் எனக்கு இது ஞாபகம் வந்து தொலைக்குது.

கல்லமேட்டுக்கு வர்றேன். அங்கதான் கதை சோகமாகுது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் இந்த எலும்புகளைப் பத்தி 1987-ல எழுதினாங்க. இடுப்பெலும்பு, தொடையெலும்புல ஒரு துண்டு, முன்னங்கால் எலும்பு, வால் எலும்பு, அப்புறம் முழங்காலுக்குக் கீழ உள்ள எலும்பு ஒண்ணு. அந்தக் கடைசி எலும்போட நீளம் ரெண்டு மீட்டர்! முழங்காலுக்குக் கீழ மட்டும்! உலக சாம்பியன்னு சொல்றாங்களே, அர்ஜென்டினாவோட அர்ஜென்டினோசாரஸ், அதுல இதே இடத்துல இதுக்கு ஜோடியா இருக்கிற எலும்பு 1.55 மீட்டர்தான். முதல்ல இதை மாமிசம் தின்கிற டைனோசர்னுதான் நெனச்சாங்க. பிறகு வந்தவங்கதான் ‘இது ஸாரோபாட், அதுலயும் டைட்டனோசார்’னு மாத்தினாங்க.

ஆனா, அந்த எலும்புகள் இப்போ இல்லை. திருடு போகலை. தொலைஞ்சும் போகலை. உதிர்ந்து போச்சு. அது கிடைச்சது இளகின மணலும் களிமண்ணுமா இருக்கிற பூமி. மழையும் வெயிலும் மாறி மாறி அடிச்சு எலும்புக்குள்ள விரிசல். மாவுக்கட்டு போடுற மாதிரி பிளாஸ்டர் போட்டு எடுத்தும்கூட, உள்ளுக்குள்ளயே நொறுங்கிடுச்சு. எலும்பு இனிமே இல்லைங்கிறது 2017-ல அச்சுலயே வந்துடுச்சு.

எலும்பு போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? சந்தேகம் வரும். கைவசம் இருந்தது சில கோட்டோவியங்கள்தான். ‘ரெண்டு மீட்டரா? அது எலும்பா இருக்காது, கல்லான மரமா இருக்கும்’னு வெளிநாட்டுல பேச ஆரம்பிச்சாங்க. கோபம் வருதுல்ல? எனக்கும் வந்துச்சு. ஆனா, யோசிச்சா அது நியாயமான கேள்விதான். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் படுத்துக் கிடக்கு. 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. அந்தப் பக்கம் பூமியே அப்படி. மரம் எது, எலும்பு எதுன்னு உள்ள அறுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். அறுக்கிறதுக்கு எலும்பு வேணுமே!

அய்யாசாமி விடலை. 2022-ல சௌரப் பால்னு ஒருத்தரோட சேர்ந்து, அந்தக் காலத்துல களத்துல எடுத்த போட்டோக்களை வெளியிட்டார். எலும்பு மண்ணுல கிடக்கிற போட்டோ. 35 வருஷம் கழிச்சு! அதுக்கப்புறம்தான் ‘இது மரம் இல்லை, எலும்புதான்’னு பேச்சு மாறிச்சு. அடுத்த வருஷமே கிரிகரி பாலும் லாராமெண்டியும் கணக்குப் போட்டு, எடை 110 முதல் 170 டன் வரைக்கும் இருக்கலாம், பெரும்பாலும் 110 - 130 டன்னு எழுதினாங்க. அது நீலத் திமிங்கலத்தோட எடை!

‘ஒரே கால் எலும்பை வெச்சு டன் கணக்கெல்லாம் ரீலா?’னு நீங்க கேக்கலாம். எங்க அம்மா நண்டு கம்பெனியில வேலை பார்க்கிறாங்க. வேகவெச்ச நண்டுலேர்ந்து சதை எடுக்கிற வேலை. ஒரு ஒடிஞ்ச கால் கையில கிடைச்சாப் போதும், ‘இது இருநூறு கிராம் நண்டு’ன்னு சொல்லிடுவாங்க. தராசுல வெச்சா அஞ்சு பத்துதான் வித்தியாசம் இருக்கும். ஆயிரக்கணக்கான முழு நண்டைப் பார்த்த கண்ணு அது. டைனோசர் ஆட்களும் இதேதான் பண்றாங்க. முழுசா கிடைச்ச சொந்தக்காரங்களோட அளவை வெச்சு, இதைக் கணக்குப் பண்றாங்க. என்ன ஒண்ணு, அம்மா பார்த்த மாதிரி ஆயிரம் முழு டைட்டனோசாரை யாரும் பார்த்ததில்லை. அதனாலதான் 110-க்கும் 170-க்கும் நடுவுல அம்பது யானை நிக்கிற இடைவெளி... சரி, அம்பது இல்ல, பத்துப் பதினஞ்சு யானை. என் சொந்தக் கருத்தைக் கேட்டா, போட்டோவும் ஓவியமும் மட்டும் இருக்கிற வரைக்கும் ‘உலகத்துலயே பெரிசு’ங்கிற பட்டத்தை அரியலூருக்குக் கொடுக்கக் கூடாது. ஊர்ப்பாசம் வேற, கணக்கு வேற.

இது நமக்கு மட்டும் நடந்த கொடுமை இல்லை. அமெரிக்காவுல கோப்னு ஒருத்தர், 1878-ல ஒரு ராட்சஸ முதுகெலும்பைப் பத்தி எழுதினார். உடைஞ்சு கிடைச்ச துண்டே ஒன்றரை மீட்டர் உயரம். அதுக்கு ‘ரொம்ப எளிதில் உடையக்கூடியது’ங்கிற அர்த்தத்துல பேர் வெச்சார். பேருக்கு ஏத்த மாதிரியே அதுவும் காணோம்!

போன தை மாசம், கூடப் படிக்கிற ரெண்டு பேரோட கிளம்பிட்டேன். ராமநாதபுரத்துலேர்ந்து திருச்சி, அங்கிருந்து அரியலூர். ரோடு பூரா சுண்ணாம்புக்கல் லாரி. அந்தச் சுண்ணாம்பே பழைய கடலோட சிப்பியும் சங்கும்தான். வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு, கட்டாயம் பாருங்க. வண்டிச்சக்கரம் மாதிரி சுருட்டின அம்மோனைட்டைப் பார்த்ததும் எனக்கு ஐயா ஞாபகம்தான். சங்கு குளிக்கிற ஆளுக்கு இதைக் காட்டினா தூக்கம் வராது.

கல்லமேட்டுப் பக்கம் போனா, பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. போர்டு இல்லை, கல்வெட்டு இல்லை. மண், முள்ளுச்செடி, வெயில். ஆடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு ஆயா எங்களை ரொம்ப நேரமா பார்த்துட்டே இருந்தாங்க.

“என்னத்தய்யா குனிஞ்சு குனிஞ்சு தேடுறீங்க?”

“எலும்பு ஆயா. பெரிய மிருகம் ஒண்ணு இங்க செத்துக் கிடந்துச்சாம்.”

“எப்ப?”

“ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி.”

ஆயா சிரிக்கலை. “கம்பெனிக்காரங்களா? மண்ணு எடுக்க அளக்க வந்தீங்களா?” அப்படின்னாங்க. இல்லை, காலேஜ் புள்ளைங்கன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் முகம் இளகிச்சு. அவங்களுக்குப் பயம் டைனோசர் இல்லை, கையில டேப்போட குனியுற ஆளுங்க.

நண்பன் ஒருத்தன் சிப்பிக்கல் ஒண்ணை எடுத்து பாக்கெட்ல போட்டான். ‘ஹாஸ்டல் டேபிள்ல வெச்சா கெத்தா இருக்கும்டா.’ அங்கயே எங்களுக்குள்ள பெரிய சண்டை. எடுத்த இடத்தை விட்டு நகர்ந்த அடுத்த நிமிஷம், அது வெறும் கல்லு. எந்த அடுக்குல, எதுக்குப் பக்கத்துல, எந்தத் திசையில கிடந்துச்சுங்கிறதுதான் பாதித் தகவல். கடைசியில பஸ் ஏறுறதுக்கு முன்னாடி திரும்பிப் போய் வெச்சுட்டு வந்தான், என்னைத் திட்டிக்கிட்டே.

2020-ல பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல உருண்டை உருண்டையா கல்லு கிடைச்சு, ‘டைனோசர் முட்டை’னு வாட்ஸ்அப் பூரா பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? நிபுணர்கள் பார்த்துட்டு, செத்த அம்மோனைட்டைச் சுத்தி தாது படிஞ்சு உருண்ட கல்லுன்னுட்டாங்க. நிஜ முட்டை வேணும்னா மத்தியப் பிரதேசம் தார் மாவட்டம் போகணும். நர்மதைக் கரையில 92 கூடு, 256 முட்டைனு 2023-ல பதிவு பண்ணியிருக்காங்க. முட்டை சுமார் 15 சென்டிமீட்டர்தான். பல டன் ஆகப்போற ஜீவன், ஒரு சின்னத் தேங்காய் சைஸ்லதான் வாழ்க்கையை ஆரம்பிச்சிருக்கு. கூடுகள் ரொம்ப நெருக்கமா இருக்கிறதால, அம்மா டைனோசர் திரும்பி வந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை, வந்தா மிதிச்சே கொன்னிருக்கும்கிறாங்க.

முழு எலும்புக்கூடு பார்க்க ஆசையா? ரெண்டு ஊர் சொல்றேன். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துல பாரபாசாரஸ் டாகோரேயி நிக்குது. வங்காளத்துல ‘பாரா பா’ன்னா பெரிய கால். தாகூரோட நூற்றாண்டுல தோண்டினதால அவர் பேரு. தொடையெலும்பு மட்டும் 1.7 மீட்டர். ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்துல கோட்டாசாரஸ். அதுக்கும் பேர் வெச்சது நம்ம யாதகிரிதான். ரெண்டுமே கோதாவரிப் பக்கத்துக் காரங்க.

வீட்டுல விஷயம் சூடாத்தான் போகுது. நான் எம்.எஸ்ஸி. புவியியல் பக்கம் போறேன்னு மெள்ள எடுத்து விட்டேன். அப்பா வலையைப் பொத்திக்கிட்டே, “செத்த எலும்பைப் பார்த்தா சோறு கிடைக்குமாடா? கேம்பஸ்ல வேலை வந்தா போ”ன்னார். படகு டீசல் கடன், அக்கா கல்யாணக் கடன், என் காலேஜ் ஃபீஸ் கடன்... அவர் கேக்குறதுல தப்பே இல்லை. நான் பதில் சொல்லலை. ஐயாதான் வெத்தலையை மென்னுக்கிட்டே, “நம்ம ஊர்ல இல்லாத எலும்பு அங்க மட்டும் ஏண்டா கிடக்கு?”ன்னார். அப்பா திரும்பிப் பார்த்தார். அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு. நம்ம ஊர்லயும் இருக்கலாம் ஐயா. அரியலூர்ல மேல தெரியுற அதே காவிரிப் படுகைதான் ராமநாதபுரம், பாக் ஜலசந்தி வரைக்கும் நம்ம காலுக்குக் கீழ நீண்டு போகுது. அங்க ஓரம், அதனால பாறை வெளியே தலையைக் காட்டுது. இங்க அதே காலத்துப் பாறை, ரொம்ப ஆழத்துல புதைஞ்சு கிடக்கு. வழுதூர் மின் நிலையத்துக்குப் போற கேஸ் எல்லாம் அந்த ஆழத்துல இருந்து வர்றதுதான்னேன். “வலை போட முடியாத ஆழம்”னு ஐயா முடிச்சுட்டார். அப்பா ஒண்ணும் சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. 1828-ல ஜபல்பூர்ல ஸ்லீமன் (ஆமா, தக்கிகளைப் பிடிச்ச அதே ஸ்லீமன்தான்) சில வால் எலும்புகளை எடுத்தார். இந்தியாவுல முதல்ல கிடைச்ச டைனோசர் எலும்பு. 1877-ல அதுக்கு டைட்டனோசாரஸ் இன்டிகஸ்னு பேர் வெச்சாங்க. டைட்டனோசார்ங்கிற மொத்தக் குடும்பத்துக்கே பேர் வந்தது அதுலேர்ந்துதான். அப்புறம் எலும்பு காணாமப் போச்சு. எல்லாரும் கைவிட்டுட்டாங்க. 2012-ல தேடினப்போ, கொல்கத்தாவுல நிலவியல் ஆய்வுத் துறையோட சேகரிப்புலயே அதுல ஒண்ணு கிடைச்சுது!

கல்லமேட்டு எலும்பு அப்படித் திரும்பி வராது. ஆனா, அந்தப் பூமி இருக்கு. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் மேல் மண்ணைக் கொஞ்சம் அரிச்சுட்டுப் போகுது. அரிக்கிறப்போ உள்ள இருக்கிறது வெளியே வரும். ரெண்டு வெயில் பட்டா உதிர்ந்தும் போயிடும். நடுவுல இருக்கிற அந்தக் கொஞ்ச நாள்தான் கணக்கு. அரியலூர், பெரம்பலூர் பக்கம் படிக்கிற ஆளா நீங்க? மழை விட்டதும் ஒரு ரவுண்டு போங்க. எதையாவது பார்த்தா தோண்டாதீங்க, எடுக்காதீங்க. பக்கத்துல ஒரு பத்து ரூபா காயினை வெச்சு போட்டோ எடுங்க, போன்ல லொகேஷனைக் குறிச்சுக்குங்க, பக்கத்துக் காலேஜ் ஜியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கோ, நிலவியல் ஆய்வுத் துறைக்கோ சொல்லுங்க. நாங்க வர்ற தைக்கு மறுபடி போறோம். இந்தத் தடவை அந்த ஆயாவுக்குக் காட்ட ஒரு டைனோசர் படமும் பிரின்ட் போட்டு வெச்சிருக்கேன்.